சாம்பார் மூடியும் ரஹ்மத்தின் ஸ்நாட்சும்

போன வாரம் ஓர் இளம் கோச் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். புதிதாக ஏதோ கருவி வாங்கியிருக்கிறாராம். அதை எடை தூக்குகிற பாரில் மாட்டிவிட்டால், எடை எவ்வளவு வேகத்தில் மேலே போகிறது என்று போனில் கோடு கோடாகக் காட்டுமாம். அதன் பெருமையெல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: "மாஸ்டர், கோல்கீப்பருக்கு ஸ்நாட்ச் குடுக்கலாமா, கூடாதா? குடுத்தா எந்த வெரைட்டி? அப்பறம் அந்த ரஹ்மத் மேட்டரு நெஜமாவே நடந்துச்சா?"

மூன்றாவது கேள்விக்காகத்தான் முதல் இரண்டையும் கேட்டார் என்பது எனக்குத் தெரியாதா என்ன. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அந்தக் கதை ஆளுக்கொரு மாதிரியாக ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றிலும் நான்தான் கோமாளி. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் என் தப்பு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் பஞ்சாயத்துக்கு வரக்கூடாது.

என் பெயர் தனலட்சுமி. திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்காரி. வெயிட்லிஃப்டிங்குக்கு நான் வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. கோகோ ஆடுகிற இடத்தில் வெயில், வெயிட்லிஃப்டிங் ஹாலில் ஃபேன். ஃபேனுக்காகப் போனவள் மாநில அளவில் மெடல் வாங்கினேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கம்பெனியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. முட்டி ஒத்துழைக்காமல் போனபிறகு, அதே கம்பெனியின் விளையாட்டுக்காரர்களுக்கு உடல்பலப் பயிற்சி கொடுக்கிற கோச்சாக உட்கார்ந்துவிட்டேன். ஆரம்பத்தில் 'மேடம்' என்றார்கள். என் வாயைக் கேட்டபிறகு 'மாஸ்டர்' ஆக்கிவிட்டார்கள். ரிடையர் ஆகும்வரை மாஸ்டர்தான்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்நாட்ச் என்றால் எடையைத் தரையிலிருந்து தலைக்கு மேல் ஒரே இழுப்பில் கொண்டுபோவது. கிளீன் என்றால் தோள்வரை. தோளிலிருந்து மேலே தள்ளினால் ஜெர்க். போட்டியில் தூக்குகிறவர்களுக்கு இதெல்லாம் முழுசாக வேண்டும். மற்ற விளையாட்டுக்காரர்களுக்கு முழு மீன் தேவையில்லை, அவரவருக்கு வேண்டிய துண்டத்தை வெட்டிக் கொடுத்தால் போதும். வாலிபால்காரர்களுக்குக் கால் நீளம். தரையிலிருந்து தூக்கச் சொன்னால் முதுகு வளைந்துவிடும், அதனால் முட்டிக்கு மேலிருந்து தூக்க வைப்பேன். அதற்குப் பெயர் ஹேங். கபடிக்காரர்கள் ஆளையே தரையிலிருந்து பிடுங்குகிறவர்கள், அவர்களுக்குத் தரையிலிருந்து கிளீன். பாக்ஸருக்கு மணிக்கட்டுதான் சோறு. அவன் எடையைத் தோளில் ஏந்தி மணிக்கட்டை மடக்க வேண்டாம், இழுப்பதோடு, அதாவது புல்லோடு, நிறுத்திக்கொள் என்பேன்.

இதைச் சொன்னால் கேட்கிற ஜாதியா அவர்கள். ஒரு பாக்ஸர் என்னிடம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு சொன்னான்: "மாஸ்டர், வெறும் புல்லு பண்ணா ரீல்ஸ்ல பாதில கட் ஆன மாரி கீது. மேல வரைக்கும் தூக்கினாதான் லைக் வுழும்." லைக்கை வைத்து ரிங்கில் என்ன செய்வாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, தெரியாது என்று நேர்மையாகச் சொன்னான்.

இப்போது எங்கள் ஜிம்மைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது கம்பெனி கேன்டீனுக்கு நேர் மேலே, மாடியில் இருந்தது. யார் இந்த ஏற்பாட்டைச் செய்தது என்று கடைசிவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டித் தரையில் விரித்திருந்தோம். அப்படியும் தலைக்கு மேலிருந்து எடையைப் போட்டால், கேன்டீன் கூரையிலிருந்து காரை உதிரும். ஒருநாள் யூனியன் தலைவரின் சாம்பாரில் ஒரு துண்டு காரை கிடந்தது. உருளைக்கிழங்கு என்று நினைத்து அவர் அதைக் கடித்துவிட்டார். அன்றைக்குப் பேச்சுவார்த்தை போனஸைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி.

அதன் பிறகு ஒரு நடைமுறை வந்தது. பழைய குழாய் ஒன்று போயிருந்த ஓட்டை ஜிம் தரையில் இருந்தது. கீழே சரியாக அதற்கு அடியில் சாம்பார் குண்டான், அதன் பக்கத்தில் கேன்டீன் மாஸ்டர் எத்திராஜ். மேலே ஆள் எடையைத் தூக்கித் தலைக்கு மேல் நிறுத்தியதும் நான் தரையில் காலால் தட்டுவேன். எத்திராஜ் கரண்டியைப் போட்டுவிட்டு மூடியைத் தேடி எடுத்துக் குண்டானை மூடி, ஓட்டை வழியாக "மூடியாச்சி" என்பார். அதற்குப் பிறகுதான் நான் "டவுன்" என்பேன். அதற்குப் பிறகுதான் எடையைக் கீழே போடலாம். போட்டியிலும் நடுவர் 'டவுன்' காட்டும்வரை எடையைப் போடக்கூடாது என்பது விதி. ஆகவே எனக்கு இது தொழிலுக்கு ஒத்த ஏற்பாடாகவே பட்டது.

தூக்குவதற்கு முன்பே மூடிவைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். எத்திராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாமா நீ. உங்க ஆளுங்க தூக்கறதுக்கு முன்னாடி கைல மாவு பூசிகினு, சாமி கும்புட்டுகினு, இடுப்புல கை வெச்சிகினு எம்மா நேரம் நிப்பானுங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? அதுவரிக்கும் கொதிக்கிற சாம்பார மூடி வெச்சா பொங்கி ஊத்தாது?"

மாடி ஏறிவிட்டேன். சாம்பார் அவர் துறை.

எங்களுக்கு மேலதிகாரி பெருமாள்சாமி சார், ஸ்போர்ட்ஸ் ஆபீசர். திருநெல்வேலிப் பக்கம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஜிம்முக்கு வந்தால் முதலில் கைக்குட்டையை எடுத்துப் பெஞ்சைத் தட்டுவார், நான் காலையில் துடைத்த பெஞ்சாக இருந்தாலும். பிறகு உட்கார்வார். கண்ணை மூடிக்கொண்டு நாம் சொல்வதைக் கேட்பார், தூங்கிவிட்டாரோ என்று நாம் நிறுத்தினால் "ம்" என்பார். கடைசியில் பதில் இரண்டே வகை. "பார்ப்போம்" என்றால் காரியம் முடிந்தது, மறுநாள் கையெழுத்து வந்துவிடும். "ரொம்ப நல்லது" என்றால் அதோடு சமாதி. இது தெரியாமல் அவர் "ரொம்ப நல்லது" என்றதும் பக்கத்துக் கடையில் லட்டு வாங்கி விநியோகித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் கிளம்பும்போது தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். "ஏம்மா தனம், நான் சும்மாதான் கேக்கேன். அந்தக் கம்பியக் கீழ போடாமத் தூக்க முடியாதாம்மா?"

ஒலிம்பிக் பாரைக் கம்பி என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தூக்கினா இறக்கித்தான் சார் ஆகணும்" என்பேன். "சரிதான், சரிதான்" என்று கைக்குட்டையை மடித்துக்கொண்டே இறங்கிப் போவார்.

இனி ரஹ்மத். தண்டையார்பேட்டைக்காரன், எங்கள் ஃபுட்பால் அணிக்கு கோல்கீப்பர். கம்பெனி ஸ்டோரில் கான்ட்ராக்ட் ஆள். கை ஒவ்வொன்றும் முறம். ஆனால் நின்ற இடத்திலிருந்து எம்பமாட்டான், யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோலத் தயங்குவான். அவனுக்கு நான் தேர்ந்தெடுத்தது ஹேங் பவர் ஸ்நாட்ச்: முட்டிக்கு மேலிருந்து இழுத்து, எம்பி, உட்காராமல் நின்றபடியே எடையைத் தலைக்கு மேல் பிடிப்பது. கோல்கீப்பர் கார்னர் பந்துக்குச் செய்கிற வேலை அதேதான். சில மாதத்தில் அவன் எம்புகிற உயரம் கூடியது, உயரப் பந்தெல்லாம் அவன் கையில். அந்தத் தேர்வு சரியானது என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒரே ஒரு சங்கதி. மற்றவர்கள் காலையில் பயிற்சி செய்தார்கள், அப்போது கீழே இட்லிதான், குண்டானில் பெரிய வேலையில்லை. ரஹ்மத்துக்கு ஷிஃப்ட் முடிந்து வருகிற நேரம் மதியச் சாம்பார் தளதளவென்று கொதிக்கிற நேரம். எத்திராஜ் ஒரு பக்கம் தாளிப்பார், ஒரு பக்கம் அப்பளம் பொரிப்பார், மூடி எங்கேயாவது கிடக்கும். ரஹ்மத் எடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். மூடி கிடைத்து, "மூடியாச்சி" வந்து, நான் "டவுன்" என்றதும் கையை அப்படியே விரித்து விட்டுவிடுவான்.

அந்த வருஷம் கான்ட்ராக்ட் விளையாட்டுக்காரர்களில் ஒருவரை கம்பெனி நிரந்தரமாக்குவதாக இருந்தது. அடுத்த வருஷம் ரஹ்மத்துக்கு வயது வரம்பு தாண்டிவிடும். தொழிற்பேட்டைக் கோப்பையில் அவன் எப்படி ஆடுகிறான் என்பதைப் பார்த்து பெருமாள்சாமி சார் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த வாய்ப்பு போனால் அவன் கடைசிவரை கான்ட்ராக்ட்தான்.

கோப்பை தொடங்குகிற சமயத்தில் அவன் மனைவி பர்வீன் ஜிம்முக்கு மாடி ஏறி வந்தாள். வீட்டில் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவள், கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே ரஹ்மத் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"அக்கா, எங்க வூட்டுக்காரருக்கு இன்னா சொல்லிக் குடுத்துகினு கீறீங்க?"

"ஸ்நாட்ச்."

"அத்த நிறுத்துங்க. லாரித் தண்ணி புட்ச்சாந்து, கொடத்த மேல ஸ்லாப்புல வைங்கன்னா, தலைக்கு மேல தூக்கிகினு சொவுத்தப் பாத்துகினு நிக்கிறாரு. வைங்கன்னா வெக்க மாட்டன்றாரு. ஏன்னு கேட்டா, தெரிலன்றாரு."

"அப்பறம் எப்படித்தான் எறக்கினான்?"

"தெருப் பசங்க கண்டுபுட்ச்சிட்டானுங்கக்கா. டவுன்னு கத்துனா வுட்டுர்றாரு. கொடத்தோட. ரெண்டு வாட்டி வூடு பூரா தண்ணி. எதுத்த வூட்டு குமாரு இதப் பாத்து வுழுந்து வுழுந்து சிரிக்கிறான். அவன் இந்தக் கோப்பைல ஆடற மணலி டீமுக்குக் கொடி புடிக்கிறவன், எனக்கு அதான் பேஜாரா கீது."

ரஹ்மத்தைப் பார்த்தேன். "நா இன்னா பண்றது மாஸ்டர், கை தானா வுடுது" என்றான்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இதற்குப் பெயர் ஒழுக்கம், இந்த ஊரில் அது யாருக்கும் இல்லை, அதனால்தான் வியாதி மாதிரி தெரிகிறது என்று பர்வீனுக்கு விளக்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை விட்டுத் தள்ளுங்கள்.

அரையிறுதி. நாங்கள் இரண்டு கோல் முன்னணி, முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எதிரணிக்குக் கார்னர். பந்து உயரமாக வந்தது. ரஹ்மத் எம்பினான். அவ்வளவு அழகான எம்பலை நான் பயிற்சியில்கூடப் பார்த்ததில்லை. இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்து இறங்கி, அப்படியே நின்றான். கையை இறக்கவில்லை. கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் நிதானமாக, "டவுன்" என்றது.

விரித்துவிட்டான். பந்து அவன் காலடியில் விழுந்து உருண்டது. எதிரணிக்காரன் ஒருவன் இதை நம்பமுடியாமல் ஒரு நொடி ரஹ்மத்தைப் பார்த்துவிட்டு, பிறகு கடமைக்காகத் தட்டி உள்ளே விட்டான். கோலுக்குப் பின்னால் எதிர்வீட்டு குமாரு மணலிக் கொடியோடு நின்றுகொண்டிருந்தான். எப்படியோ நாங்கள் ஜெயித்தோம். ஆனால் இறுதிப்போட்டி மணலியோடு.

மறுநாள் பெருமாள்சாமி சார் வந்தார். பெஞ்சைத் தட்டினார். உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ரொம்ப நல்லதும்மா" என்றார்.

 பர்வீனின் முகம்தான் முன்னால் வந்து நின்றது. "சார், ஒரு வாரம் குடுங்க. சரி பண்ணிடுறேன். ரெண்டாவது கோல்கீப்பர் பந்து வந்தா கண்ண மூடிக்கிறவன் சார், உங்களுக்கே தெரியும்."

கண்ணைத் திறந்தார். பிறகு "பார்ப்போம்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. எழுந்து கைக்குட்டையை மடித்தார். "ஏம்மா, நான் சும்மாதான் கேக்கேன். அந்தக் கம்பியக் கீழ போடாமத் தூக்க முடியாதா?"

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஓட்டை வழியாக அவரைக் கீழே அனுப்பியிருப்பேன். சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது எக்ஸ்பிரஸ்வேயில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. அங்குலம் நகரவில்லை. அந்தக் கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. ஒரு வாரத்தில் ஒரு பழக்கத்தை உடம்பிலிருந்து பிடுங்க முடியாது. ஆனால் அதன் வாலில் வேறொன்றைத் தைத்துவிடலாம். 'டவுன்' கேட்டால் கை இறங்கியே தீரும், சரி, இறங்கட்டும். எங்கே இறங்க வேண்டும் என்பதை மாற்றினால் என்ன? அந்த இளம் கோச்சுக்கும் இதைத்தான் சொல்வேன். வகையைத் தேர்ந்தெடுக்கும்போது எடை எப்படி மேலே போகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதே, தூக்கி முடித்தபிறகு கை எங்கே போகிறது என்பதையும் பார்.

புதிய வகை இது. ஸ்நாட்ச்தான், ஆனால் பிடியை அகலமாக வைக்காமல் தோள் அகலத்துக்குக் குறுக்கினேன், பந்தைப் பிடிக்கிற கை மாதிரி. எடை பாதி. தலைக்கு மேல் பிடிக்க வேண்டும். 'டவுன்' கேட்டால் நெஞ்சுக்கு இறக்கி, முழங்கையை ஒடுக்கி, அணைத்துக்கொண்டு அப்படியே முட்டியை மடக்கி ஸ்குவாட்டில் குந்தி உட்கார வேண்டும். கீழே போடவே கூடாது. என் குரலுக்கு அவன் கை பழைய மாதிரிதான் பழகியிருந்தது. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. கேன்டீன் வரிசையில் தட்டோடு நிற்பவர்களை மாடிக்குக் கூப்பிட்டேன். அவர்கள் கத்தினார்கள், வெல்டர், கிரேன் ஆபரேட்டர், செக்யூரிட்டி எல்லாரும். இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலையை நம் ஆட்கள் செய்து நான் பார்த்ததில்லை.

முதல் இரண்டு நாள் அவன் எடையைப் போட்டுக்கொண்டேதான் இருந்தான். யூனியன் தலைவர் தன் தட்டைக் கையால் மூடிக்கொண்டு சாப்பிட்டார். மூன்றாம் நாள் நெஞ்சுக்கு வந்தது. வீட்டில் பர்வீன் தெருப் பசங்களைத் திண்ணைப் பேச்சுக்கெல்லாம் விடாமல் கூட்டிவைத்துக் குடத்தோடு பயிற்சி கொடுத்தாள். வெள்ளிக்கிழமை போன் பண்ணினாள். "அக்கா, கொடத்தக் கட்டிபுட்ச்சிகினு குந்திகினாரு. ஒரு சொட்டு சிந்தல." சொல்லும்போதே அழுதுவிட்டாள். 

ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனித்தும் பெரிதுபடுத்தவில்லை. எடை கீழே விழாததால் எத்திராஜுக்கு இனி வேலையே இல்லை. ஆனால் மேலே 'டவுன்' சத்தம் கேட்டதும் அவர் பழக்கதோஷத்தில் பதறிப்போய் மூடியைத் தேடி மூடி, தாமதமாக "மூடியாச்சி" என்று கத்துவார். ரஹ்மத் அந்தச் சத்தத்துக்குத்தான் ஸ்குவாட்டிலிருந்து எழுந்துகொண்டிருந்தான். எழுகிறானே, போதாதா என்று விட்டுவிட்டேன்.

இறுதிப்போட்டி தண்டையார்பேட்டை மைதானத்தில். கோலுக்குப் பின்னால் மணலிக்காரர்கள் கொடியும் மேளமுமாக நின்றார்கள், நடுவில் குமாரு. முதல் உயரப் பந்து வந்தது. ரஹ்மத் எம்பிப் பிடித்தான். ஊரே கூடி "டவுன்" என்றது.

பந்து நெஞ்சுக்கு வந்தது. முழங்கை ஒடுங்கியது. உட்கார்ந்தான். கடப்பாரை போட்டாலும் அந்தப் பந்தைப் பெயர்க்க முடியாது. குமாருவின் வாய் திறந்தபடி நின்றது. நான் பர்வீனின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன்.

பிறகுதான் பார்த்தோம். அவன் எழுந்திருக்கவில்லை.

கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கச் சில நொடிகள்தான் உண்டு. தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். ரெஃப்ரி கையை உயர்த்தி விரல்களை மடக்க ஆரம்பித்தார். எனக்கு உறைத்தது. மைதானத்தின் ஓரத்தில் கேன்டீன் வண்டி நின்றது, மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த எத்திராஜ் லெமன் சாத அண்டாவைத் திறந்து கிளறிக்கொண்டிருந்தார். முட்டி வலியையெல்லாம் மறந்து ஓடினேன்.

"யோவ் எத்திராஜு, சொல்லுய்யா."

"இன்னாத்தமா?"

"மூடியாச்சின்னு சொல்லு."

அவர் அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்பதாம்மா தொறந்தேன்."

"பரவால்ல, சொல்லு."

"தொறந்து கீறத மூடியாச்சின்னு எப்டிமா சொல்றது?"

இந்த மனிதருடைய நேர்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். மூடியை நானே எடுத்து அண்டாவின்மேல் அறைந்தேன். அவர் அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, மைதானம் அதிர "மூடியாச்சி" என்றார். ரஹ்மத் ஸ்பிரிங் மாதிரி எழுந்து பந்தைப் பாதி மைதானத்துக்கு எறிந்தான்.

அதன்பிறகு எத்திராஜ் எங்கள் கோலுக்குப் பக்கத்தில் காலிப் பாத்திரம் ஒன்றையும் மூடியையும் வைத்துக்கொண்டு நின்றார். மணலிக்காரர்கள் "டவுன்" என்பார்கள், ரஹ்மத் அணைத்து உட்கார்வான், எத்திராஜ் மூடுவார், சொல்வார், ரஹ்மத் எழுவான். ரெஃப்ரி இரண்டு தடவை வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பாத்திரம் கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை.

இரண்டாவது பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். கடைசி நிமிஷம், மணலிக்குக் கார்னர். ரஹ்மத் கூட்டத்துக்கு நடுவே எம்பிப் பந்தைப் பிடித்தான். தலைக்கு மேல் பிடித்தபடி நின்றான்.

ஒரு சத்தமும் இல்லை. குமாரு உஷாராகிவிட்டான். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு தன் ஆட்கள் எல்லாரையும் அடக்கி வைத்திருந்தான். மேளம்கூட நின்றுவிட்டது. ரஹ்மத் தூரத்தில் இருக்கிற தண்ணித்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரெஃப்ரியின் விரல்கள் மடங்கத் தொடங்கின. இன்னொரு கார்னர் கொடுத்தால் தாங்காது, எங்கள் ஆட்களுக்குக் காலே நிற்கவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. கத்துவதற்காக வாயைத் திறந்துவிட்டேன். பர்வீன் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது: என் குரலுக்கு அவன் கை விரிந்துவிடும். ஒரு கையால் என் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தெருவில் தண்ணி லாரியைக் கூப்பிடுகிற அந்தக் குரலில் அவள் கத்தினாள்:

"டவுன்."

பந்து நெஞ்சுக்கு வந்தது. உட்கார்ந்தான். எத்திராஜ் மூடினார். எழுந்தான், உதைத்தான். பந்து இறங்குவதற்கு முன்னாலேயே கடைசி விசிலை ஊதிவிட்டார்கள்.

பிறகு பரிசளிப்பு. சிறந்த ஆட்டக்காரன் என்று கோப்பையை ரஹ்மத் கையிலேயே கொடுத்தார்கள். சந்தோஷத்தில் அவன் அதைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். மைதானமே அவனைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி இரண்டு பக்கத்துக்காரர்களும் சேர்ந்து, குமாரு உட்பட, "டவுன்" என்றார்கள். கோப்பையைக் கட்டிக்கொண்டு மேடையின் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

பெருமாள்சாமி சார் நடந்து வந்தார். கைக்குட்டையை எடுத்துக் கோப்பையின் மேலிருந்த மண்ணைத் தட்டினார். அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, "பார்ப்போம்" என்றார். என் பக்கம் திரும்பினார். "நான் அன்னைக்கே கேட்டேம்லாம்மா, கம்பியக் கீழ போடாமத் தூக்க முடியாதான்னு." நான் கேட்காத மாதிரி ரஹ்மத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தத் திருப்தியை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்.

அவர் அந்தப் பக்கம் போனதும் பர்வீன் உடைந்துபோய்விட்டாள். "பாக்கலாம்னு சொல்ட்டாரேக்கா. இம்மாம் பண்ணியும் பாக்கலாம்னு சொல்ட்டாரே." ரஹ்மத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் கோப்பைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

"அழாதீங்க ரெண்டு பேரும்" என்றேன். "அந்த ஆளு பார்ப்போம்னு சொன்னா பர்மனென்ட்டுனு அர்த்தம். நாளைக்கு ஆர்டரு கைக்கு வரும்."

பர்வீன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ரஹ்மத் வாயெல்லாம் பல்லாக எங்களைப் பார்த்தான், ஆனால் எழுந்திருக்கவில்லை. "எழுந்திரிடா" என்றேன்.

"அவர சொல்லச் சொல்லுங்க மாஸ்டர்."

திரும்பிப் பார்த்தேன். எத்திராஜின் வண்டி முன்னால் எங்கள் ஆட்களும் மணலிக்காரர்களும் ஒரே வரிசையில் தட்டோடு நின்றார்கள், நாலாவது ஆள் குமாரு. அண்டா திறந்திருந்தது. இன்னும் பாதிப் பேர் சாப்பிடவில்லை, இப்போது மூடமுடியாது என்று எத்திராஜ் கரண்டியாலேயே சைகை காட்டினார். பர்வீன் ஒரு தட்டில் லெமன் சாதம் வாங்கிவந்து மண்ணில் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டாள். சாதம் தீர்ந்து அண்டாவுக்கு மூடி விழுகிறவரை ரஹ்மத் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.